அனுமதியில்லாமல் மலையை வெட்டினால்: உள்ளாட்சியின் கையில் இருக்கும் வழிகளில் எது உயிரைக் காக்கும்?

செப்டம்பர் மாதம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு சரிவு. சனி, ஞாயிறு விடுமுறையில் ஒரு ஜேசிபி வந்து பதினைந்து அடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டி, வீட்டுமனை அளவுக்குத் தரையைச் சமன் செய்துவிட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய மண் முழுவதும் கீழே தள்ளப்பட்டு ஓடையை மூடிக் கிடக்கிறது. மேலே ஒரு வீடு. கீழே வரிசையாக நாலு வீடுகள். திங்கட்கிழமை காலை புகார் வருகிறது. அனுமதி எதுவும் வாங்கவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. நகராட்சியோ பேரூராட்சியோ இப்போது என்ன செய்ய வேண்டும்?

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. வழக்கமாக நடப்பது இதுதான்: வேலையை நிறுத்து என்று ஒரு நோட்டீஸ், கேமரா முன்னால் ஒரு சீல், சில நேரம் ஓர் அபராதம். அத்துடன் கோப்பு மூடப்படும். வெட்டிய மலை அப்படியே நிற்கும். மழை வரும். நடவடிக்கை எடுத்தாயிற்று என்று எழுதப்பட்ட இடத்தில்தான் ஆபத்து முழுசாக மிச்சம் இருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த இடைவெளிதான்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் மண்ணைப் பற்றிக் கொஞ்சம். நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். அது காலங்காலமாக மக்கி, மேலே கனமான செம்மண் போர்வையாக மாறியிருக்கிறது. காய்ந்திருக்கும்போது இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறிதளவு ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருப்பதுதான் காரணம். தண்ணீர் நிறைய இறங்கியதும் அந்தப் பிடிப்பு போய்விடும். "நாலு மாசமா நிக்குதே சார், ஒண்ணும் ஆகலையே" என்று உரிமையாளர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த நாலு மாதமும் மழையில்லாத மாதங்கள். சரிவின் அடிப்பகுதியை வெட்டி எடுப்பதால் மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்கல் இல்லாமல் போகிறது. கீழே தள்ளிய தளர்ந்த மண் இன்னொரு சிக்கல். அது இறுகாத மண், நீர்வழியையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. புகாரைப் பார்க்கப் போகிறவர்கள் வெட்டிய சுவரைத்தான் படம் எடுக்கிறார்கள், தள்ளிய மண்ணை யாரும் கவனிப்பதில்லை. கீழே குடியிருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே அளவு ஆபத்து.

அடுத்தது காலக்கெடு. 1978, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் நீலகிரியை உலுக்கிய நிலச்சரிவுகள் மூன்றும் நவம்பரில் வந்தவை. 2009 நவம்பர் 10 அன்று பதிவான 24 மணி நேர மழை கேத்தியில் மட்டும் 82 சென்டிமீட்டர். அந்த நாட்களில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு மழைக்கு யாரும் தொடாத சரிவுகூட இறங்கும், எல்லாவற்றுக்கும் ஜேசிபி மேல் பழி போட முடியாது. ஆனால் அடியை வெட்டிவிட்ட சரிவுக்கு அதில் ஒரு சிறு பங்கு மழை போதும். ஆகவே குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்த நடவடிக்கையை எடுத்தாலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தச் சரிவு பாதுகாப்பாகிவிடுமா என்பதுதான் என் முதல் கேள்வி. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை என்பதால் கெடு ஜூனுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

நிறுத்த உத்தரவு, சீல்

இதன் பலம் வேகம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 57ஆம் பிரிவு, அனுமதியற்ற மேம்பாட்டை நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்த அதிகாரம் தருகிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தில் மேம்பாடு என்பது கட்டிடம் கட்டுவது மட்டும் அல்ல. நிலத்தின் மேலும் உள்ளும் நடக்கும் பொறியியல் வேலைகளும் அதில் அடங்கும். அதனால், "இன்னும் அஸ்திவாரமே போடவில்லை, மண்ணைத்தானே வெட்டினார்கள், கட்டிட வேலை தொடங்கினால் பார்க்கலாம்" என்று காத்திருக்கத் தேவையில்லை. வெட்டும்போதே தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும்.

பலவீனம், இந்த உத்தரவு மனிதர்களை நிறுத்துகிறதே தவிர மண்ணை நிறுத்துவதில்லை. பாதி வெட்டிய நிலையில் வேலையை நிறுத்தினால் சரிவு தன் மோசமான நிலையில் உறைந்துவிடுகிறது. இன்னும் கொடுமை, சீல் வைத்தபின் தார்ப்பாய் போடவும், தண்ணீரைத் திருப்பிவிட வாய்க்கால் எடுக்கவும்கூட உரிமையாளர் பயப்படுகிறார். "சீல் உடைச்சா கேஸ்" என்று ஒதுங்கிவிடுகிறார். சிலருக்கு அது வசதியான சாக்கு. வழக்கு நீதிமன்றத்தில் இழுக்க இழுக்கப் பருவமழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. முதல் நாளுக்கு இந்த உத்தரவு கட்டாயம் வேண்டும். அதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி வேலைகூட இல்லை.

இயந்திரத்தைப் பிடிப்பது

அனுமதியில்லாமல் ஜேசிபி, பொக்லைன் இயக்கக் கூடாது என்று நீலகிரி மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருக்கிறது, மீறும் வண்டிகள் பிடிக்கப்படுகின்றன. எனக்கு இந்த வழி பிடிக்கும். நில உரிமையாளர் வெளியூரில் இருப்பார், பட்டா இன்னொருவர் பெயரில் இருக்கும், நோட்டீஸ் திரும்பி வரும். வண்டி மட்டும் கண்முன்னால் நிற்கும். தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டிக்காரருக்கு ஒரு வாரம் வண்டி நின்றாலே பெரிய இழப்பு. ஆகவே அடுத்த முறை அவரே, "அனுமதிக் கடிதம் இருக்கா?" என்று கேட்பார். தடுப்பு என்று பார்த்தால் அபராதத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் இதிலும் வெட்டியது வெட்டியபடியே நிற்கும். இன்னொன்றும் உண்டு. இயந்திரத்துக்குக் கெடுபிடி கூடினால் கடப்பாறை, மண்வெட்டியோடு ஆட்களை இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுவார்கள். வெட்டும் உயரம் அதேதான், இப்போது அதன் அடியில் மனிதர்கள் நிற்கிறார்கள். கூலிக்கு வரும் அந்த உயிர்களை மறந்துவிட்டு எந்தக் கெடுபிடியையும் திட்டமிடக் கூடாது.

அபராதமும் வழக்கும்

அபராதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரிசார்ட் கட்டுகிறவருக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. மூன்று சென்ட்டில் வீடு கட்டுகிறவருக்கோ தடுப்புச்சுவருக்கு ஒதுக்கிய பணம் அதில் போய்விடும். இரண்டாவதுதான் கவலைக்குரியது, ஏனென்றால் அங்கே தண்டனையே ஆபத்தைக் கூட்டுகிறது.

குற்றவழக்கு வேறு. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்கீழ் மாவட்ட நிர்வாகம் இடும் உத்தரவை மறுத்தால் 51ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அந்த மறுப்பால் உயிரிழப்பு ஏற்பட்டால் இரண்டாண்டு வரை. பெரிய அளவில், தெரிந்தே, திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு இதை வைத்துக்கொள்ளலாம். முதல் கருவியாக இது உதவாது. தீர்ப்பு வருவதற்குள் சரிவு விழுந்திருக்கும்.

சீர்செய்ய உத்தரவு, செய்யாவிட்டால் அரசே செய்து வசூலிப்பது

நான் நிற்கும் பக்கம் இது. இதைக் கற்க ஹாங்காங்கைப் பார்க்க வேண்டும்.

1972 ஜூன் 18. ஒரே நாளில் அங்கே இரண்டு பெரும் சரிவுகள். சாவ் மாவ் பிங் பகுதியில் 71 பேர், போ ஷான் சாலையில் 67 பேர் இறந்தார்கள். போ ஷானில் சரிவின் அடியில் கட்டிட வேலைக்காக மலை வெட்டப்பட்டிருந்தது. சரிந்த மண் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பையே சாய்த்தது. நான்கு ஆண்டு கழித்து, 1976 ஆகஸ்டில், சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் சரிந்து 18 பேர் இறந்தார்கள். அதன்பிறகு 1977-இல் சரிவுகளுக்கென்றே ஒரு பொறியியல் அலுவலகம் உருவானது. மனிதன் வெட்டிய சரிவுகள் சுமார் 60,000 இன்று பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, யார் பொறுப்பு என்பதும் பதிவாகியிருக்கிறது.

தனியார் சரிவு ஆபத்தாக இருந்தால் அங்கே கட்டிடத் துறை அதன் உரிமையாளருக்கு ஆபத்தான மலைச்சரிவு உத்தரவு அனுப்பும். நிபுணரை வைத்து ஆராய்ந்து, திட்டம் கொடுத்து, குறித்த காலத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் துறையே ஒப்பந்தக்காரரை வைத்து முடித்துவிட்டு, செலவையும் அதற்குமேல் கூடுதல் கட்டணத்தையும் உரிமையாளரிடம் வசூலிக்கும். இந்த ஏற்பாட்டின் மையத்தில் இருப்பது தண்டனை இல்லை, சரிவு. உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

நம் சட்டத்தில் இது இல்லையா என்றால், பாதி இருக்கிறது. 1971 சட்டத்தின் 56ஆம் பிரிவு, அனுமதியின்றி மாற்றிய நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிடலாம் என்கிறது. செய்யாவிட்டால் அதிகார அமைப்பே செய்து செலவை வசூலிக்கலாம். நடைமுறையில் இரண்டு இடங்களில் சிக்குகிறது. ஒன்று, ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். செப்டம்பர் கடைசியில் கொடுத்த நோட்டீஸ் அக்டோபர் கடைசியில்தான் பலிக்கும், அதற்குள் மழை வந்துவிடும். ஆகவே அவசர வேலைகளுக்கு மட்டும் ஆட்சியர் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் தனி உத்தரவு போடுவது பொருத்தம்.

இரண்டாவது சிக்கல் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மலை விஷயத்தில் பழைய நிலை என்று ஒன்று திரும்பி வராது. வெட்டிய குழியில் தளர்ந்த மண்ணைக் கொட்டி மேடு போல ஆக்கினால் பார்க்கப் பழைய சரிவு மாதிரிதான் இருக்கும், ஆனால் முதல் கனமழையில் அது சேறாக இறங்கும். ஆகவே உத்தரவில் என்ன வேலை என்று வரிவரியாக எழுத வேண்டும்: மேல் விளிம்புக்கு மேலே மழைநீரைத் திருப்பும் வாய்க்கால், விளிம்பில் வெடிப்பு இருந்தால் அதை மூடுவது, ஓடையில் கிடக்கும் மண்ணை அள்ளி வேறிடம் கொண்டுபோவது, செங்குத்தைப் படிப்படியாகச் சாய்ப்பது, அப்படிச் சாய்க்க இடமில்லாவிட்டால் பொறியாளர் வரைந்த தடுப்புச்சுவர். சுவர் என்றால் பின்பக்கம் கல் நிரப்பி, தண்ணீர் வடியத் துளைகள் விட்டுக் கட்டியதாக இருக்க வேண்டும். மலைப்பகுதித் தடுப்புச்சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, உத்தரவில் அதன் எண்ணைக் குறிப்பிட்டுவிடலாம். துளையில்லாமல் கட்டிய சுவர் மண்ணோடு தண்ணீரின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுமந்து, ஒரு நாள் மொத்தமாகச் சாயும்.

இந்த வழியின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் ஊட்டிக்கு அருகே லவ்டேலில் தடுப்புச்சுவருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த பழைய கழிப்பிடக் கட்டிடம் மண்ணோடு சரிந்தது. ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். பாதுகாப்புக்காகக் கட்டும் சுவருக்கும் முதலில் அடியைத் தோண்டித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் சரிவு இன்னும் பலவீனமாகிறது. சுவர் கட்டு என்று மட்டும் எழுதி ஒரு நோட்டீஸ் கொடுத்தால், மிரண்ட உரிமையாளர் நாலு பேரைக் கூலிக்கு வைத்து முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டிவிடுவார். மேலே இருக்கும் பாரத்தை முதலில் குறைப்பது, சின்னச் சின்னத் துண்டுகளாக ஒன்றுவிட்டு ஒன்று தோண்டிக் கட்டுவது, மழை நாளில் அடியில் யாரையும் இறக்காதது, இவையெல்லாம் உத்தரவிலேயே இருக்க வேண்டும். அதை மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அந்த உத்தரவைக் கொடுக்கவே கூடாது என்பேன்.

பணமும் ஒரு பிரச்சினை. உரிமையாளர் கைவிரித்தால் உள்ளாட்சி முதலில் தன் கையிலிருந்து போட வேண்டும். நீலகிரியின் 35 ஊராட்சிகளில் எத்தனைக்கு அந்த வசதி இருக்கும்? மாவட்ட அளவில் ஒரு சுழல் நிதி இல்லாமல் இந்த வழி காகிதத்தோடு நின்றுவிடும்.

முன்கூட்டியே அனுமதி, கட்டம் கட்டமாக ஆய்வு

நீண்ட காலத்துக்கு இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. சாட்சி லாஸ் ஏஞ்சல்ஸ். 1952-இன் மழைச் சேதத்துக்குப் பிறகு அந்த நகரம் மலை மனைகளைச் சமன் செய்வதற்கென்று தனி விதி கொண்டுவந்தது, 1963-இல் அதை இன்னும் இறுக்கியது. மண் பொறியாளரும் நிலவியலாளரும் அறிக்கை தர வேண்டும், வேலை நடக்கும்போதே அதிகாரி வந்து பார்க்க வேண்டும், முடிந்ததும் சான்று வேண்டும். 1969-இல் பெருமழை வந்தபோது விதிக்கு முந்தைய மனைகள் சுமார் 10,000-இல் 10.4 சதவீதம் சேதமானது. 1952-க்கும் 1962-க்கும் இடையில் உருவானவற்றில் 1.3 சதவீதம். 1963-க்குப் பிறகு உருவானவற்றில் 0.15 சதவீதம். அதே நகரம், அதே மழை. புதிய மனைகள் குறைவான மழைக்காலங்களைத்தான் சந்தித்திருந்தன என்று ஒருவர் சொல்லலாம், அது நியாயமான கேள்விதான். அதையும் கழித்துப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது பிணைத்தொகை. அங்கே மலைப்பகுதியில் 250 கன கஜத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 190 கன மீட்டருக்கு மேல், மண்ணை வெட்டினாலோ நிரப்பினாலோ முன்கூட்டியே பிணை கட்ட வேண்டும். பாதியில் விட்டுப் போனால் அந்தப் பணத்தில் சீர்செய்யலாம். சற்றுமுன் சொன்ன பணப் பிரச்சினை இதில் கணிசமாகத் தீரும். மழைக்காலமான அக்டோபர் முதல் ஏப்ரல் நடுவரை மண் வேலைக்கு அங்கே தனிக் கட்டுப்பாடும் உண்டு.

இலங்கையில் மலையக மாவட்டங்கள் உட்பட நிலச்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற சுற்றறிக்கை 2011 முதல் இருக்கிறது. நீலகிரியிலும் 1990 முதல் ஹாக்கா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, மலைவாழிடக் கட்டிட விதிகள் 1993 முதல் இருக்கின்றன, உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஊரறிந்த விதி. நமக்குக் குறை விதியில் இல்லை. கட்டிடத்தின் உயரத்தை அளக்கிறோம், அதற்காக வெட்டிய மண்சுவரின் உயரத்தை அளப்பதில்லை. வேலை நடக்கும்போது போய்ப் பார்க்க ஆளும் இல்லை.

இந்த வழியின் எல்லை தெளிவு: அனுமதி கேட்டு வருகிறவரைத்தான் இது பிடிக்கும். ஏற்கெனவே வெட்டிவிட்ட சரிவுக்கு இதனால் பயனில்லை. நடைமுறை கடினமாக ஆக, ஏழைகள் அதற்கு வெளியே தள்ளப்படுவதும் நடக்கும். தேயிலைத் தோட்டங்களை ஒட்டி, தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள் உட்பட எத்தனையோ பேர் பட்டா இல்லாத சரிவில் வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் நிலவியலாளர் அறிக்கை கேட்பது, அனுமதி இல்லை என்று சொல்வதற்குச் சமம். அவர்களுக்கு நகராட்சிப் பொறியாளரே இலவசமாக இடத்தைப் பார்த்து எவ்வளவு வெட்டலாம் என்று குறித்துக் கொடுப்பதே ஒரே நேர்மையான வழி.

கண்டும் காணாமல் இருப்பது, பின்னர் வரன்முறைப்படுத்துவது

இதையும் ஒரு வழியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், நிறைய நடப்பது இதுதான். மலேசியாவின் ஹைலண்ட் டவர்ஸ் இதன் விலையைக் காட்டுகிறது. 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூரை ஒட்டிய உலு கிளாங்கில் பின்பக்கச் சரிவு இறங்கி ஒரு அடுக்குமாடிக் கட்டிடம் விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். 2000-இல் உயர்நீதிமன்றம் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின்மேல் 15 சதவீதப் பொறுப்பை வைத்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை நீக்கியது. அந்நாட்டின் கட்டிடச் சட்டம் உள்ளாட்சிக்குத் தரும் பாதுகாப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். உள்ளாட்சிமேல் வழக்குப் போட்டு அதைச் சரியாக நடக்க வைத்துவிடலாம் என்று நம்பியிருப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். இறந்தபின் வரும் தீர்ப்பை நம்பி எந்த ஊரும் இருக்கக் கூடாது. வரன்முறைக் கட்டணம் கட்டினால் ஆவணம் சட்டப்படி ஆகும், சரிவின் கோணம் மாறாது.

என் தேர்வு

அந்தச் செப்டம்பர் சரிவுக்கு நான் சொல்வது: திங்கட்கிழமையே நிறுத்த உத்தரவு, வண்டியைத் தேடிப் பிடிப்பது. அதே உத்தரவில், பாதுகாப்பு வேலைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வாரத்துக்குள் பொறியாளரின் நேரடி ஆய்வு. அடுத்து, ஆட்சியர் வழியாக அவசர உத்தரவு: ஓடையைத் திறப்பது, மேலே வாய்க்கால், தார்ப்பாய், பத்து நாள் கெடு. பதினோராவது நாள் நகராட்சி ஆட்களே இறங்க வேண்டும். சுவரை அவசரப்பட்டு அக்டோபரில் தொடங்க வேண்டாம். நவம்பர், டிசம்பரில் கனமழை எச்சரிக்கை வரும் இரவுகளில் மேல் வீட்டையும் கீழ் வீடுகளையும் காலி செய்து தங்க இடம் கொடுத்து, சுவரை ஜனவரியில் காய்ந்த மண்ணில் கட்டலாம். அபராதம் அதற்குப் பிறகு வந்தால் போதும். வீட்டுக்காரர் ஏழையென்றால் செலவைத் தவணையில் வாங்கலாம், ரிசார்ட் என்றால் முழுவதையும் கூடுதல் கட்டணத்தோடு வாங்கி, குற்றவழக்கும் போடலாம்.

இது நடக்க ஒரே ஒரு முன்னேற்பாடு தேவை, அது பணம். ஒரு ஜேசிபி, இரண்டு லாரி, தார்ப்பாய், பத்து ஆள் கூலி, ஒரு மண் பொறியாளரின் கட்டணம், இவ்வளவுக்கும் செப்டம்பரில் டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆண்டு ஒப்பந்தமாக விலை பேசி, அவசரச் சரிவுப் பணி என்று தனித் தலைப்பில் நிதி ஒதுக்கும் தீர்மானத்தை ஏப்ரலிலேயே மன்றத்தில் வைக்கலாம். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இந்த ஆண்டு கேட்க வேண்டியது அந்தத் தீர்மானத்தைத்தான்.